கடைச் சைக்கிளுக்குப் பிரேம் பார்ப்பது எப்படி?

தராசு வாங்கினால் முத்திரை பார்க்கிறோம். துவரம்பருப்பு வாங்கினால் கைப்பிடி அள்ளி ஊதிப் பார்க்கிறோம். வெல்லத்தை உடைத்துப் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை பேசுவதில்லை. ஆனால் கடைக்குச் சைக்கிள் வாங்கும்போது மட்டும் பெயிண்டையும் ஸ்டிக்கரையும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம். மற்றவர்களைச் சொல்லவில்லை, அடியேன் செய்ததைத்தான் சொல்கிறேன்.

நமது ஆலங்குளத்தில் (தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் அல்ல, சிமெண்ட் ஆலை உள்ள விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம்) 2019-ஆம் ஆண்டு கடைக்கு ஒரு புதுச் சைக்கிள் எடுத்தேன். பழைய டபுள் பார் வண்டி துருப்பிடித்து விட்டது. கடையில் வேலை பார்த்த தம்பிக்கு இருபது வயது. "அண்ணாச்சி, பழைய மாடல் வேண்டாம், கியர் வண்டி எடுங்க" என்றான். நானும் சரியென்று அலுமினிய பிரேம், டிஸ்க் பிரேக், முன்னால் ஷாக் அப்சார்பர் எல்லாம் வைத்த ஒரு வண்டியை எடுத்துக் கொடுத்தேன். அதில் கேரியர் மாட்டத் துளையே கிடையாது. விற்றவர் சீட் குழாயில் இறுக்கும் ஒரு கேரியரைப் பொருத்திக் கொடுத்து, "எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்" என்றார். எட்டாவது மாதம், இரண்டு 25 கிலோ அரிசிச் சிப்பங்களுடன் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, சீட்டுக்குக் கீழே பிரேம் முறிந்தது. தம்பிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. மூன்று வாரம் அவன் வீட்டில் இருந்தான். வைத்தியச் செலவும் சம்பளமும் என் பேரேட்டில் ஏறின. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதன் பிறகுதான் சைக்கிள் கடைக்காரர்களிடமும் வெல்டிங் பட்டறைகளிலும் உட்கார்ந்து, பிரேம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்து கொண்டேன். தெரிந்து கொண்டதை மற்ற வணிகப் பெருமக்களுக்கும் பாடமாக எழுதுகிறேன். பிரேம் என்பதற்குத் தமிழில் "சட்டம்" என்று எழுதலாம். ஆனால் சட்டம் என்றதும் நமக்கெல்லாம் வரிச் சட்டம் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கும். ஆகவே பிரேம் என்றே எழுதுகிறேன்.

"இப்போது யார் சைக்கிளில் சரக்குப் போடுகிறார்கள், மொபெட் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வரும் சரக்கு வேனில்தான் வருகிறது. வெளியூர் லைனுக்கு மொபெட்தான் சரி. ஆனால் ஊருக்குள்ளே இரண்டு தெரு தள்ளி ஒரு சிப்பம் அரிசி, ஒரு டின் எண்ணெய் கொண்டு போவதற்குச் சைக்கிளே லாபம். பெட்ரோல் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. ஓட்டுநர் உரிமம் எடுக்காத பையனை மொபெட்டில் அனுப்பவும் முடியாது. ஆகையால் சைக்கிள் இன்னும் பல கடைகளின் வாசலில் நிற்கத்தான் செய்கிறது.

பாரம் எங்கே உட்காருகிறது?

பிரேமைப் பார்க்கும் முன் ஒரு தராசுக் கணக்கைப் புரிந்து கொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த கணக்குத்தான். பின் சக்கரத்தின் அச்சைத் தராசின் நடுமுள்ளாக வைத்துக் கொள்ளுங்கள். அச்சுக்கு முன்னால் ஓட்டுபவர் உட்காருகிறார். அச்சுக்குப் பின்னால் மூட்டை உட்காருகிறது. ஓட்டுபவர் முன் சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறார். மூட்டை அதைத் தூக்கப் பார்க்கிறது.

பழைய ரோட்ஸ்டர் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் பின் அச்சுக்கு 40 செ.மீ. முன்னால் தமது பாரத்தை வைக்கிறார் என்று கொள்வோம். 60-ஐ 40-ஆல் பெருக்கி 115-ஆல் வகுத்தால் 21 கிலோ. அது முன் சக்கரத்தில் விழுகிறது. வண்டியின் சொந்த எடை ஏறக்குறைய 20 கிலோ. அதில் முன் சக்கரத்தின் பங்கு 9 கிலோ என்று வைத்தால் மொத்தம் 30 கிலோ. இப்போது 50 கிலோ மூட்டையைக் கேரியரில் வைக்கிறோம். அதன் நடுப்பகுதி அச்சுக்கு 15 செ.மீ. பின்னால் இருந்தால், முன் சக்கரத்திலிருந்து அது எடுத்துக் கொள்வது ஆறரை கிலோதான். மீதி இருபத்து மூன்றரை கிலோ முன்னால் நிற்கிறது. ஹேண்டில் சொன்னபடி கேட்கும்.

அதே பாரத்தை 100 செ.மீ. தூரமுள்ள ஒரு குட்டை வண்டியில் ஏற்றிப் பாருங்கள். குட்டை வண்டியில் சீட்டுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி குறைவு. ஆகவே ஓட்டுபவர் 30 செ.மீ. முன்னால்தான் உட்காருகிறார், மூட்டையோ இடமில்லாமல் 30 செ.மீ. பின்னால் தள்ளிப் போகிறது. ஓட்டுபவரால் 18 கிலோ, வண்டியால் 7 கிலோ, ஆக 25 கிலோ. அதில் மூட்டை எடுத்துக் கொள்வது 15. மிச்சம் 10 கிலோ. மேலே இன்னொரு 25 கிலோ சிப்பத்தைத் தூக்கி வைத்தால் மிச்சம் இரண்டரை கிலோதான். மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். பையன் "வண்டி ஆடுது அண்ணாச்சி" என்று சொல்லும்போது, அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நாம் திட்டுகிறோம். தப்பு பையனிடம் இல்லை; அந்த 15 செ.மீ. குறைவில்தான் இருக்கிறது.

எனவே கடைக்குப் போகும்போது தையல் டேப் ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். முதலில் அச்சுக்கு அச்சு அளவு. பிறகு பெடல் அச்சிலிருந்து பின் சக்கர அச்சு வரை உள்ள அளவு. இந்த இரண்டாவது அளவு நீளமாக இருந்தால்தான் சீட்டுக்குப் பின்னால், அச்சுக்கு நேர் மேலே மூட்டை உட்கார இடம் கிடைக்கும். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வேறு வேலைக்கு வேறு பிரேம்

ஒரே சைக்கிள் எல்லா வேலைக்கும் ஆகாது என்பதற்கு நேர் எதிரான ஒரு வண்டியைச் சொன்னால் விளங்கும். வெளிநாட்டில் "ட்ரயல்ஸ்" என்று ஒரு சைக்கிள் விளையாட்டு உண்டு. ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில் மோட்டார் சைக்கிள் தொழிலில் இருந்த பெரே பீ என்பவர், தம் மகன் ஓட் பீக்காகச் செய்த சிறிய வண்டியிலிருந்து வளர்ந்தது அது. காலைத் தரையில் ஊன்றாமல் பாறை மேலும் மரக்கட்டை மேலும் தாவ வேண்டும். 2009-இல் ஸ்காட்லாந்து இளைஞர் டேனி மெக்காஸ்கில் எடின்பரோ நகரில் வேலி மேலும் சுவர் மேலும் ஓட்டிய படம் உலகமெங்கும் பரவியது. நம் வீட்டுப் பிள்ளைகள் போனில் பார்த்திருப்பார்கள்.

அந்த வண்டியில் அச்சுக்கு அச்சு தூரம் வேண்டுமென்றே குறுக்கப்பட்டிருக்கும். 20 அங்குலச் சக்கர வண்டியில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பெடல் அச்சு, சக்கர அச்சுகளை விட உயரத்தில் இருக்கும். உட்காரச் சீட்டே இருக்காது. காரணம், முன் சக்கரத்தை நினைத்தவுடன் தூக்க வேண்டும். அதுதான் அங்கே வித்தை. நம் ரோட்ஸ்டரில் பெடல் அச்சு சக்கர அச்சுகளை விடச் சில சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கும். சக்கர இடைவெளி நீளம். முன் போர்க் நன்றாகச் சாய்ந்து முன்னோக்கி வளைந்திருக்கும். முன் சக்கரம் எழும்பவே கூடாது. அதுதான் இங்கே வித்தை. இன்று கடைகளில் நிற்கும் பல பேஷன் வண்டிகள், தாவுகிற வண்டியின் தோற்றத்தை எடுத்துக் கொண்டவை. அவற்றை இளைஞர்கள் ஓட்டட்டும். மூட்டைக்கு அவை ஏற்றதல்ல.

மூட்டைக்கு ஏற்ற ஏற்பாட்டை உலகத்துக்குக் காட்டியவர்கள் வியட்நாம் நாட்டு மக்கள். 1954-இல் தியன் பியன் பூ போரின்போது, காட்டு வழியில் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் அரிசியும் வெடிமருந்தும் கொண்டு போனார்கள். ஒரு வண்டியில் 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றினார்கள். ஓட்டவில்லை, தள்ளிக் கொண்டே போனார்கள். பிரேமுக்கு மரமும் மூங்கிலும் வைத்துக் கட்டினார்கள். ஹேண்டிலில் மூங்கில் கழியைக் கட்டி நீட்டி, பக்கத்தில் நடந்தபடி திருப்பினார்கள். மூட்டைகளைப் பிரேமின் இரு பக்கமும், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தொங்க விட்டார்கள். தராசுக் கணக்கு அங்கேயும் அதுதான். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நிலக்கரியைச் சைக்கிளில் தள்ளிச் செல்லும் ஏழை மக்களும் மூட்டைகளை இப்படித்தான் கட்டுகிறார்கள். நம் பையனும் இரண்டு சிப்பத்துக்கு மேல் இருந்தால் ஓட்டாமல் தள்ளிக் கொண்டு போவதில் கேவலம் ஒன்றுமில்லை.

இரும்பா, அலுமினியமா?

அலுமினியம் எடையில் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அலுமினிய பிரேமின் குழாய்களைப் பருமனாகச் செய்கிறார்கள். குழாய் பருத்தால் விறைப்பு வேகமாக ஏறும். தகடு கனம் மாறாமல் குழாயின் விட்டத்தை மட்டும் கால் பங்கு கூட்டினால், விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால் நல்ல அலுமினிய பிரேம் பலமற்றது என்று சொல்ல மாட்டேன். குறை வேறு இடத்தில் இருக்கிறது.

கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக் கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒடியும் அல்லவா? இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குக் குறைவான ஆட்டத்தை அது கணக்கில் வைத்துக் கொள்வதில்லை. அலுமினியம் அப்படியல்ல, சின்னச் சின்ன ஆட்டத்தையும் நாள்தோறும் பற்றெழுதிக் கொண்டே வந்து, ஒரு நாள் மொத்தமாகக் கேட்கும். கடைச் சைக்கிள் தினமும் பாரத்தோடு குண்டும் குழியிலும் ஓடுவது. இன்னொன்று, இரும்பு பெரும்பாலும் ஒடியும் முன் வளைந்தோ விரிசல் காட்டியோ சொல்லி விடும். என் அலுமினிய வண்டி சொல்லவில்லை. அல்லது சொன்னதை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது, பழுது பார்ப்பது. முறிந்த பிரேமை உள்ளூர்ப் பட்டறையில் காட்டியபோது, "இரும்பு என்றால் இப்போதே ஒட்டித் தருகிறேன், இது நம்மிடம் ஆகாது" என்று சொல்லி விட்டார். ராஜபாளையத்தில் ஆர்கான் வெல்டிங் செய்பவர் ஒட்டித் தர ஒப்புக் கொண்டார். ஆனால் மூட்டை ஏற்றுவதற்கு உத்தரவாதம் தர மாட்டேன் என்றார். அவர் நேர்மையானவர். இந்த வகை அலுமினியத்தை வெப்பப் பக்குவம் செய்து பலம் ஏற்றியிருக்கிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் இறங்கி விடும். மறுபடி சூளையில் வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். அதற்கு ஆலங்குளத்தில் எங்கே போவது? சரக்கு வாங்கும்போது "திருப்பி எடுப்பாரா" என்று கேட்கிற நாம், சைக்கிள் வாங்கும்போது "நம் ஊரில் இதைச் சரி செய்ய ஆள் உண்டா" என்று கேட்க வேண்டும்.

இரும்புக் குழாயில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. முருகப்பா குழுமம் ஆங்கிலேய நிறுவனத்துடன் சேர்ந்து 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நாம் அறிந்த பெயர்கள் அங்கிருந்து வந்தவை. 1955-இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் என்ற குழாய் ஆலையும் வந்தது. நல்ல குழாய் இல்லாமல் நல்ல பிரேம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வடக்கே 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே நின்று போனது. பழைய பிராண்டு என்று நம்பி வாங்கும் முன், போர்க், பி.பி. கப், கோன் முதலிய உதிரிப் பாகங்கள் நம் ஊர்க் கடையில் கிடைக்கின்றனவா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். ரோட்ஸ்டர் வகையில் பல பாகங்கள் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்பது ஒரு பெரிய வசதி.

இணைப்பும் டபுள் பாரும்

பழைய முறையில் குழாய்களை "லக்" என்னும் இரும்புக் கூடுகளில் செருகி, பித்தளையை உருக்கி ஊற்றி ஒட்டுவார்கள். பித்தளை ஏறக்குறைய 900 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் இரும்பு உருகாது. அதனால் குழாய் மெலிவதில்லை. இணைப்பைச் சுற்றிக் கூடும் தாங்குகிறது. இப்போது பல வண்டிகளில் லக் இல்லாமல் நேரே வெல்டிங் செய்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் அதிலும் தவறில்லை. வெல்டிங் வரி மீன் செதில் அடுக்கியது போல ஒரே சீராக, குழாயைச் சுற்றி முழுவதும் இருக்க வேண்டும். இடையில் குழி, விட்டுப் போன இடம், மேலே பூசி மறைத்த இடம் தெரிந்தால் வேண்டாம்.

டபுள் பார் எதற்கு என்று பலருக்குத் தெரியாது; அழகுக்கு என்றே நினைத்திருந்தேன். மூட்டையின் எடை கேரியர் கால்கள் வழியாக நேரே பின் அச்சுக்கு இறங்கி விடுகிறது. ஆனால் மூட்டை பக்கவாட்டில் ஆடும்போது பிரேம் முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கு ஹேண்டில் குழாய் வரை போய்ச் சேரும். இரண்டாவது பார் அந்த முறுக்கில் பங்கு எடுத்துக் கொள்கிறது. தினமும் 50 கிலோ ஏற்றுகிறவர் டபுள் பார் எடுப்பது நல்லது. பால், காய்கறி, சில்லறைச் சாமான் என்றால் ஒற்றை பார் போதும்.

கேரியர் கால்கள் அச்சில் மாட்டப்பட வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். என் வண்டியில் கேரியர் சீட் குழாயில் தொங்கியது. 50 கிலோவும் ஒரு நெம்புகோலாகச் சீட்டுக்குக் கீழே உள்ள இணைப்பை நாள்தோறும் நெம்பியது. அங்கேதான் முறிந்தது. பிரேமைக் குறை சொல்வதில் பாதி நியாயம்தான். அந்தக் கேரியரை ஒத்துக் கொண்டவன் நான்.

பெண்கள் கடை நடத்தும் இடங்களில் பார் இல்லாத திறந்த பிரேமைக் கேட்கிறார்கள். ஆண்களுக்கும் அது வசதிதான். கேரியரில் மூட்டை இருந்தால் காலைப் பின்னால் சுற்றிப் போட்டு ஏற முடியாது, முன்னால்தான் தாண்ட வேண்டும். ஆனால் மேல் பார் இல்லாத பிரேம் முறுக்கத்துக்கு இளகிக் கொடுக்கும். ஒரு 25 கிலோ சிப்பம் வரை அதில் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உயரத்தைப் பொறுத்தவரை, பாரின் மேல் இரு பக்கமும் கால் போட்டு நின்றால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். 24 அங்குல பிரேம் நெட்டையானவர்களுக்கு. கடையில் ஆள் மாறிக் கொண்டே இருந்தால் 22 அங்குலம் எடுங்கள்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

பழைய இரும்பு பிரேம் நல்லதாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ஒரு முழம் நூல் போதாது, மூன்று மீட்டர் சணல் நூல் கொண்டு போங்கள். பின் அச்சு மாட்டும் இடத்தில் ஒரு முனையைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கம் அதே இடத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் பிரேம் கோணியிருக்கிறது. சக்கரக் கோட்டத்தை எடுத்து விடலாம், பிரேம் கோணலை எடுப்பது கடினம்.

அடுத்து, ஹேண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால் கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருங்கியோ குழாய் புடைத்தோ இருந்தால் வண்டி எங்கோ முன்னால் மோதியிருக்கிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்த பழைய வண்டி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பிறகு வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக் கூட்டின் அடியைப் பாருங்கள். சீட் குழாய் வழியே இறங்கும் மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். நம் தொழிலில் இதற்கு ஒரு தனிச் சத்துரு உண்டு: உப்பு மூட்டை. உப்பு ஏற்றிய அன்று கேரியரையும் பின் குழாய்களையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து விடச் சொல்லுங்கள். ஒரு காசால் குழாயைத் தட்டிக் கொண்டே போனால், அரித்த இடத்தில் ஓசை மந்தமாகக் கேட்கும். மண்பானை வாங்கத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல.

அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டி சில இடங்களில் குறைந்த விலைக்கு வருகிறது. 2005-06 முதல் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கிடைத்து வருகிறது. ஒரு பிள்ளையின் படிப்புக்கு வந்த வண்டியை வாங்குவது முறையல்ல என்பது இருக்கட்டும். அது ஒருவர் பள்ளிக்கூடம் போய்வரச் செய்த வண்டி, மூட்டைக்குச் செய்ததல்ல.

இப்போது என் கடையில் நிற்பது 22 அங்குல இரும்பு டபுள் பார், அச்சில் கால் ஊன்றிய கேரியர், இரட்டைக் கால் ஸ்டாண்டு. கியர் இல்லை. மணிக்கட்டு குணமாகி வந்த தம்பிதான் நூல் பிடித்து அளந்து எடுத்தான். முதல் மாதம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் ஒரு முறை முறுக்கினோம். புது வண்டியில் அவை கட்டாயம் இளகும். பிரேமில் பொறித்திருக்கும் எண்ணைப் பில்லில் எழுதி வாங்கி, சரக்குப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.